பாலைவனத்தில் வீட்டுத் தோட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஷார்ஜாவில் பதினோரு வருடமாகச் செடி வளர்க்கிறேன். முதல் ஆறு வருடம் மேற்குப் பார்த்த ஆறாம் மாடி பால்கனி. இப்போது பழைய வில்லா ஒன்றின் பின்பக்க முற்றம். ஊரிலிருந்து புதிதாக வந்து, ஆசையாகத் தொட்டி வாங்கி, இரண்டே மாதத்தில் எல்லாம் கருகி, அப்புறம் என்னிடம் வந்து கேட்டவர்களின் கேள்விகள்தான் இவை. எமிரேட்ஸை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கத்தார், பஹ்ரைனில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். குவைத்தில் குளிர் இன்னும் கொஞ்சம் கடுமை.

45 டிகிரி வெயிலில் காய்கறி வளருமா?

வளராது. ஆனால் 45 டிகிரி என்பது ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களின் கதை. ஜனவரியில் துபாயில் பகல் 24, 25 டிகிரி, இரவு 14, 15. கிட்டத்தட்ட ஓசூர்ப் பக்கத்து மார்கழி மாதிரி. சென்னை மொட்டைமாடியில் படாதபாடு படுத்தும் காலிஃபிளவரும் பீட்ரூட்டும் கேரட்டும் இங்கே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரையிலான நான்கு மாதத்தில் சமர்த்தாக வரும். ஊரில் கோடையைத் தாண்டி வளர்த்துப் பழகிய கை நமக்கு. இங்கே கோடையில் கடையை மூட வேண்டும். இந்த ஒன்றை ஒப்புக்கொள்ள எனக்கு மூன்று வருடமும் நாற்பது தொட்டி செடிகளும் செலவாயின.

ஊர்ப் பழக்கத்தில் ஆடியில் விதைத்தேன், எல்லாம் போயிற்று. எப்போதுதான் விதைப்பது?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது மழையை நம்பிச் சொன்னது. இங்கே வருடம் முழுக்கச் சேர்த்தாலும் மழை 100 மில்லிமீட்டரைச் சுற்றித்தான். ஆடி மாதம் என்றால் மூச்சு முட்டும் புழுக்கம்.

இந்த ஊர்க்காரர்கள் பார்ப்பது ஒரு நட்சத்திரத்தை. பெயர் சுஹைல். ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தென்கிழக்கு அடிவானத்தில் தெரிய ஆரம்பிக்கும். தெரிந்த மறுநாளே சூடு தணிந்துவிடாது. ஆனால் அன்றிலிருந்து இரவுகள் மெல்ல இறங்கத் தொடங்கும். மீனவர்களுக்கும் பேரீச்சை விவசாயிகளுக்கும் ஒட்டகம் வளர்ப்பவர்களுக்கும் தலைமுறை தலைமுறையாக அதுதான் காலண்டர். அந்தச் சுஹைல் வேறு யாருமில்லை, நம்முடைய அகத்திய நட்சத்திரம்தான். இது தெரிந்த நாளிலிருந்து ஆடிப்பட்டத்தை விட்டுவிட்டு அகத்தியரைப் பிடித்துக்கொண்டேன்.

அகத்தியர் வந்ததும் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று விடலாம். வெளியே வேண்டாம், வீட்டுக்குள் வெளிச்சம் படும் ஜன்னலோரம். முளைத்த நாற்றைச் செப்டம்பர் கடைசியில் நிழலில் வைத்து வெளிக்காற்றுக்குப் பழக்கி, அக்டோபரில் தொட்டிக்கு மாற்றலாம். வெண்டை, கொத்தவரை, வெள்ளரியை அக்டோபரிலேயே நேரடியாக ஊன்றலாம். கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ் எல்லாம் நவம்பருக்குக் காத்திருக்க வேண்டும். பிப்ரவரி நடுவில் இன்னொரு சின்னப் பட்டம் உண்டு: பாகல், பீர்க்கன், புடலை, காராமணி, மறுபடியும் வெண்டை. இவை ஏப்ரல், மே வரை காய்த்துவிட்டு ஓயும். மே கடைசியில் பெரும்பாலான தொட்டி காலி.

என் பால்கனியில் வெயில் படுகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கோடையில் பார்த்தபோது வெயிலே இல்லை.

கோடையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். துபாய் சுமார் 25 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஜூன் கடைசியில் உச்சி வேளைச் சூரியன் ஏறக்குறைய 88 டிகிரி உயரத்தில், நேர் தலைக்கு மேல் நிற்கும். மேல்மாடிக்காரரின் பால்கனித் தளம் உங்களுக்குக் குடை பிடித்துவிடும். அதே சூரியன் டிசம்பரில் தெற்கே சாய்ந்து 41 டிகிரியில் போகும். அப்போது தெற்குப் பார்த்த பால்கனிக்குள் வெயில் நன்றாக உள்ளே வரும். நமக்கு வேண்டியது அந்தக் குளிர்கால வெயில்தான். ஆக, தெற்கு பால்கனி கிடைத்தவர் கொடுத்துவைத்தவர்.

கிழக்கும் நல்லதே, காலை வெயில் நான்கு மணி நேரம் கிடைத்தால் கீரைக்கும் மிளகாய்க்கும் தாராளம். மேற்கு கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் அக்டோபருக்குப் பின் சமாளிக்கலாம். வடக்கு பால்கனியில் குளிர்காலத்தில் வெயிலே விழாது. அங்கே புதினா, ஓமவல்லி, வல்லாரை வைத்துவிட்டு தக்காளி ஆசையை விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே கிடக்கும் மணலையே பயன்படுத்தலாமா?

வேண்டாம். அதில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம், மக்கிய பொருள் ஒன்றுமே கிடையாது. செடிக் கடைகளில் ‘ஸ்வீட் சாண்ட்’ என்று மூட்டை மூட்டையாக விற்பார்கள். இனிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உப்பில்லாத மணல் என்று அர்த்தம். அபுதாபியில் மினா, துபாயில் வர்சான் பக்கத்துச் செடிச் சந்தைகளில் கிடைக்கும். கடைக்காரர்களில் மலையாளிகளும் வங்காளிகளும் நிறைய, பேரம் பேசலாம்.

நான் போடும் கலவை: அந்த மணல் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. நார்க்கழிவு 5 கிலோ கட்டியாக வரும். ஊறினால் 60, 70 லிட்டருக்கு உப்பிவிடும், குளியலறைத் தொட்டியில் ஊறப்போட்டு வீட்டில் திட்டு வாங்காதீர்கள். ஊறிய நாரை இரண்டு தடவையாவது நல்ல தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறவைக்கும் வழக்கம் இருப்பதால் உப்பு தங்கியிருக்கும். அலசாமல் போட்டால் முளைத்த நாற்று நுனி கருகி நிற்கும், காரணம் தெரியாமல் விழிப்போம்.

எந்தத் தொட்டி நல்லது?

கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மட்டும் வேண்டாம். முதல் வருடம் மேற்குச் சுவரோரம் கறுப்புத் தொட்டியில் ஒரு கத்தரிச் செடி. தினம் தண்ணீர் ஊற்றியும் மதியமானால் துவண்டது. கவிழ்த்துப் பார்த்தேன். நிழல் பக்கம் வேர் வெள்ளை வெளேரென்று இருந்தது, வெயில் பட்ட பக்கம் முழுக்கப் பழுப்பாகி, தொட்டால் மேல்தோல் தனியாக உருவிக்கொண்டு வந்தது. வேர் வெந்துபோயிருந்தது. மண் 40 டிகிரியைத் தாண்டினாலே பல செடிகளின் வேருக்குச் சிக்கல். கறுப்புத் தொட்டியில் அது 50ஐயும் தாண்டும்.

காய்கறிக் கடைக்கு வெளிநாட்டுப் பழங்களும் பிராக்கோலியும் வரும் தெர்மாகோல் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். சூடு உள்ளே ஏறாது, காசும் கிடையாது. அடியில் எட்டு, பத்து ஓட்டை போட்டால் கீரைக்கு அதைவிட நல்ல பாத்தி இல்லை. மண்தொட்டியும் நல்லதுதான், ஆனால் சீக்கிரம் காயும். ஏற்கெனவே கறுப்புத் தொட்டி வாங்கிவிட்டீர்கள் என்றால் வெள்ளைப் பெயின்ட் அடியுங்கள், இல்லாவிட்டால் பெரிய தொட்டி ஒன்றுக்குள் அதை இறக்கி இடைவெளியில் நார் அடையுங்கள்.

மழையே இல்லாத ஊரில் வடிகால் எதற்கு என்று ஒருவர் கேட்டார். 2024 ஏப்ரல் 16 அன்று அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் கொட்டியது. என் முற்றத்தில் தொட்டிகள் மிதந்தன.

குழாய்த் தண்ணீர் கொதிக்கிறதே, அதையே ஊற்றலாமா?

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் மே மாதத்திலிருந்தே கை வைக்க முடியாது. இங்கே ஹீட்டரை அணைத்து வைத்து, அதன் உள்ளே கிடக்கும் தண்ணீரைத்தான் ‘பச்சைத் தண்ணீர்’ என்று குளிக்கிறோம். செடிக்கு இரவே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்து விடியற்காலையில் ஊற்றுங்கள்.

குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஏப்ரலிலிருந்து காலை ஒரு தடவை, சூரியன் இறங்கியபின் ஒரு தடவை. கணக்கு வைத்து ஊற்றாமல் விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தும் உள்ளே ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மதியம் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறி ஊற்றுவதுதான் பெரிய தப்பு. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயிலுக்குச் செடி காட்டும் சாமர்த்தியம். காலையிலும் தொங்கினால்தான் தாகம்.

ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30லிருந்து 3 மணி வரை திறந்தவெளியில் ஆட்களை வேலை வாங்கக்கூடாது என்று இங்கே சட்டம் இருக்கிறது. செடி வேலைக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் செடிக்கு ஆகுமா?

ஆகும். காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்து சொட்டுவதுதான், உப்பே இருக்காது. ஆகஸ்ட் புழுக்கத்தில் ஓர் ஏசியிலிருந்தே ஒரு நாளைக்கு வாளிக்கணக்கில் கிடைக்கும். அதில் சத்தும் கிடையாது, அதனால் உரம் தனியாகக் கொடுக்க வேண்டும். ஏசியைச் சுத்தம் செய்ய ரசாயனம் அடித்த வாரம் மட்டும் பிடிக்காதீர்கள். குழாயைச் சரியாக வாளிக்குள் விடுங்கள். கீழ் வீட்டுக்காரர் துணியில் சொட்டினால் கட்டடக் காவலாளியான நாத்தூர் கதவைத் தட்டுவார்.

தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பொரிந்திருக்கிறது. பூஞ்சையா?

உப்பு. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அதில் கரைந்திருந்தது தங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இது சீக்கிரம் வரும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அடி ஓட்டையில் தாராளமாக ஒழுகும்வரை ஊற்றி அலசி விடுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், திரும்ப உறிஞ்ச விடாதீர்கள். பீன்ஸும் கேரட்டும் உப்பைத் துளிகூடத் தாங்காது. பீட்ரூட் நன்றாகத் தாங்கும். வில்லாவில் கிணற்றுத் தண்ணீர் என்றால் முதலில் பீட்ரூட்டைப் போட்டுப் பாருங்கள்.

தக்காளி பூக்கிறது, ஆனால் காய் பிடிப்பதில்லை. ஏன்?

மாதம் என்ன? ஏப்ரல் கடைசி என்றால் அதுதான் காரணம். பகல் 35ஐத் தாண்டி, இரவும் 24, 25க்குக் கீழே இறங்காவிட்டால் மகரந்தம் வீணாகிவிடும். பூக்காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கும் பாருங்கள். அது முதலில் மஞ்சளாகும், இரண்டாம் நாள் பூ அந்தக் கணுவோடு ஒடிந்து விழும். உரம் போட்டாலும் நிற்காது. அதனால்தான் நாற்றைச் செப்டம்பரிலேயே தயார் செய்யச் சொல்கிறேன். பிப்ரவரியில் விதைப்பவர்களுக்கு இலை மட்டும்தான் மிச்சம்.

ஜனவரியிலும் உதிர்கிறது என்றால் ஆறாம் மாடியில் தேனீ இல்லை, காற்றும் கண்ணாடித் தடுப்பால் வரவில்லை. காலை பத்து மணி வாக்கில் பூங்கொத்தை விரலால் சுண்டிவிடுங்கள். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு அது போதும், ஒரே பூவில் இரண்டும் இருக்கிறது. பாகலுக்கும் பூசணிக்கும் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, பிஞ்சோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் நீங்களே தடவ வேண்டும்.

காயின் அடிப்பக்கம் கறுத்துத் தோலாகிறதென்றால் அது நோய் இல்லை. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளிப்பாட்டியதன் விளைவு. ஈரம் ஒரே சீராக இல்லாவிட்டால் சுண்ணாம்புச்சத்து காயின் நுனிவரை போய்ச் சேராது.

கொத்தமல்லி முளைத்து, வளர்வதற்குள் பூத்துவிடுகிறதே?

சூடு. நவம்பருக்கு முன்னாலும் பிப்ரவரிக்குப் பின்னாலும் போடாதீர்கள். பக்காலாவில், அதாவது மளிகைக் கடையில், விற்கும் மல்லியே போதும், வறுத்ததாக இல்லாமல் பார்த்து வாங்குங்கள். சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் பத்து நாளில் முளைக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு பெட்டி என்று மாற்றி மாற்றிப் போட்டால் மார்ச் வரை ரசத்துக்குப் பஞ்சமில்லை. புதினாவுக்கு இந்தத் தொந்தரவு இல்லை. கடையில் வாங்கிய கட்டில் தடித்த நான்கு காம்பைத் தண்ணீரில் போட்டு வேர் விட்டதும் நடுங்கள், மதிய வெயில் படாத இடத்தில்.

கறிவேப்பிலை மஞ்சளாகிறது. ஊரிலிருந்து நல்ல கன்று கொண்டுவரலாமா?

செடியையும் மண்ணையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவர முடியாது. தாவர நலச் சான்றும் அனுமதியும் இல்லாமல் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள். இங்கேயே கன்று கிடைக்கிறது.

மஞ்சளாவதற்கு இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சை, நடுவில் மட்டும் மஞ்சள், அதுவும் புதுத் தளிரில் என்றால் இரும்புச்சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. மண்ணின் pH அளவு 8 வாக்கில், அதாவது காரமாக, இருப்பதால் செடியால் எடுக்க முடியவில்லை. இரும்பு சல்பேட் வாங்கிப் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். ‘ஈ.டி.டி.எச்.ஏ’ வகை இரும்புச் செலேட் என்று கேளுங்கள், செங்கறுப்புத் தூள், கரைத்தால் திராட்சை ரசம் போல நிறம். பாக்கெட்டில் சொன்ன அளவு கரைத்து வேரில் ஊற்றினால் அடுத்து வரும் கொழுந்து பச்சையாக வரும். புளித்த மோர் ஊற்றுவதை நானும் விடவில்லை. எவ்வளவு உதவுகிறதோ, அம்மா சொன்னது.

கோடையில் ஒன்றுமே வைக்க முடியாதா?

தரையில் நட்ட முருங்கை கோடையைப் பொருட்படுத்தாது. தொட்டியில் கொடிப்பசலை, பொன்னாங்கண்ணி, தண்டுக்கீரை, சர்க்கரைவள்ளி இலை, எலுமிச்சம்புல், துளசி ஆகியவை 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே உயிர் பிடித்திருக்கும். கொத்தவரை ஜூன் வரை காய்க்கும்.

நிழலை எப்படி அமைப்பது என்று பார்க்க அல் ஐன் சோலைக்கு ஒருமுறை போய் வாருங்கள். ஃபலஜ் என்ற பழைய வாய்க்கால் முறையில் தண்ணீர் வரும் இடம், 2011லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அல் ஐன் பாரம்பரியத் தளங்களில் ஒன்று. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மா, எலுமிச்சை, அத்தி, அதற்கும் கீழே தரையில் தீவனமும் காய்கறியும். வெளியிலிருந்து உள்ளே நுழையும்போதே காற்று மாறுவது தோலில் தெரியும். என் முற்றத்தில் முருங்கைக்குக் கீழே கறிவேப்பிலை, அதற்குக் கீழே தெர்மாகோல் பெட்டியில் கீரை என்று வைத்திருப்பது அங்கே பார்த்துத் திருடியதுதான்.

நிழலுக்கு மரம் நட இடம் இருந்தால் காஃப் மரத்தை யோசியுங்கள். 2008இல் இந்த நாட்டின் தேசிய மரமாக அறிவித்தார்கள். நம் ஊர்க் கோயில்களில் சுற்றிவரும் வன்னி மரமேதான் அது.

பூச்சிக்கு என்ன அடிப்பது?

வறண்ட சூட்டில் முதலில் வருவது சிலந்திப்பேன். இலையின் அடியில் பொடிப்பொடியாக நகரும், மேலே ஊசியால் குத்தியது போல வெளுத்திருக்கும். அதற்கு முதல் மருந்து தண்ணீர். இலையின் அடிப்பக்கம் படும்படி மூன்று நாளைக்கு ஒருமுறை பீய்ச்சினாலே பாதி போய்விடும். மாவுப்பூச்சி, வெள்ளை ஈ, அசுவினிக்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டருக்கு 5 மில்லி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி. சாயங்காலம் மட்டுமே. ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அடித்துவிட்டுத் தொழுகைக்குப் போன நண்பர், திரும்பி வந்து பார்த்தது அப்பளம் போலப் பொரிந்த வெண்டை இலைகளை.

மணற்காற்று அடித்தால்?

ஷமால் ஓய்ந்ததும் இலையைக் கழுவுங்கள். தூசி மூடிய இலையில்தான் சிலந்திப்பேன் குடியேறும். அடிக்கும்போது சின்னத் தொட்டிகளைச் சுவரோரம் நெருக்கி வையுங்கள், அவ்வளவுதான்.

உரத்துக்கு என்ன செய்வது? வீட்டுக் கழிவு போதுமா?

ஆட்டு எரு மூட்டையாகக் கிடைக்கும், நன்றாக மக்கியதா என்று முகர்ந்து வாங்குங்கள். கோழி எருவில் உப்பு அதிகம், தொட்டிக்கு வேண்டாம். காய்கறித் தோல், டீத்தூளை மூடிபோட்ட வாளியில் நார்க்கழிவோடு அடுக்கினால் இந்தச் சூட்டுக்குச் சீக்கிரம் மக்கும். காய்ந்துவிட்டால் அப்படியே நிற்கும் என்பதால் ஈரம் பார்த்துக்கொள்ள வேண்டும். மீன் கழிவு முயற்சி செய்யாதீர்கள். அடுக்குமாடியில் உறவு கெடும்.

செலவுக்குக் கட்டுப்படி ஆகுமா?

தக்காளிக்கு ஆகாது, நேர்மையாகச் சொல்கிறேன். மண், தொட்டி, உரம் எல்லாம் சேர்த்தால் கடைத் தக்காளிதான் மலிவு. கீரை, புதினா, கறிவேப்பிலை, பச்சை மிளகாய்க்கு ஆகும். அதிலும் கடையில் எப்போதாவது மட்டும் கிடைக்கும் பொன்னாங்கண்ணிக்கும் முருங்கைக்கீரைக்கும் நிச்சயம் ஆகும்.

ஜூலை, ஆகஸ்ட் லீவுக்கு ஊருக்குப் போகிறோம். செடிகளை என்ன செய்வது?

முடிந்ததைப் பிடுங்கிவிடுங்கள். காலித் தொட்டி மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீனால் இறுக்கி மூடி, முழு வெயிலில் வைத்துவிட்டுப் போங்கள். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் வேர்முடிச்சுப் புழு, பூஞ்சை, களை விதை எல்லாம் வெந்துவிடும். கறுப்புத் தாள் வேண்டாம், வெயில் உள்ளே இறங்க வேண்டும். ஊரில் காசு கொடுத்துச் செய்யும் மண் சிகிச்சையை இந்த வெயில் நமக்கு இலவசமாகச் செய்து கொடுக்கிறது.

கறிவேப்பிலை, துளசி மாதிரி பல வருடச் செடிகளை வடக்குப் பக்க நிழலில் நெருக்கமாகக் கூட்டி வையுங்கள். மண்ணின் மேல் மூன்று விரல் கனத்துக்கு நார் பரப்புங்கள். பாட்டில் கவிழ்ப்பது, திரி போடுவது எல்லாம் ஒரு வாரத்துக்குத்தான் தாங்கும், இரண்டு மாதத்துக்கு ஆள்தான் வேண்டும். நான் நாத்தூரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது கறிவேப்பிலை பாதி மொட்டையாக நிற்கும், அவர் அறையில் நான்கு பேர் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கவாத்து செய்தது போல அடுத்த மாதமே நன்றாகத் தழைத்துவிடும், கூலியும் தீர்ந்தது.